புளியங்கட்டை வெளிச்சம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள்... இது கலியனுடைய சின்ன அத்தை பெரியநாயகிக்கு நடந்தது. கலியன் இங்கேதான் குந்தியிருக்கிறான், பொய்யென்றால் அவனே சொல்லட்டும்.

எழுபத்து மூன்றாம் வருஷம், சித்திரை மாசம். இரவு ஏழரை மணி. முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில் ஈ காக்கை இல்லை. ஊரெல்லாம் மின்வெட்டு. மயில்வாகனத்தின் ரைஸ்மில்லில் மட்டும், உமி எரித்து ஓட்டுகிற நீராவி இஞ்சின் டைனமோவைச் சுற்றி வெளிச்சம் கொடுக்கும். அன்றைக்குப் பார்த்து உமியும் தீர்ந்துவிட்டது.

மில்லுக்கு எதிரே, ஐப்பசிக் காற்றில் சாய்ந்த புளியமரம் ஒன்று காய்ந்து கிடந்தது. ஒரு சுள்ளியைக்கூட யாரும் தொடவில்லை. ஏனென்றால்... அதில் ஓர் ஆணி. ஆணியில் பெரியநாயகியின் தலைமுடி.

பதினாறு வயசில் அவளுக்குப் பேய் பிடித்ததென்று வேப்பிலையால் அடித்து, உச்சிமுடியைப் பிடுங்கி அந்த மரத்தில் வைத்து அறைந்தார்கள். பேய் மரத்துக்குப் போய்விட்டதாம். கெட்ட பேர் மட்டும் போகவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரு வரன் இல்லை. அவள் சுற்றிய பட்டு நூலைத் தறியில் ஏற்ற மாட்டோம் என்றார்கள் பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர்கள். மில்லைப் பெருக்கித்தான் கஞ்சி குடித்தாள்.

அன்றைக்குக் கோடாலியோடு வந்தவள் அவள்தான்.

"வாணாம்மா, அதுல காத்து கருப்பு குந்திக்கினு இருக்குது," என்றார் பாய்லர்காரர் அப்பாதுரை.

"அது என் முடிண்ணா. பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுல லைட்டு எரியறத ஊரே பாக்கட்டும். அப்புறம் என்னைப் பேய்க்காரின்னு எவன் சொல்றான்னு பாக்கறேன்."

ஆணி இருந்த கட்டையைத் தன் கையாலேயே அடுப்பில் தள்ளினாள்.

முடி பொசுங்குகிற வாடை... ஒரு பிடி முடிக்கு எவ்வளவு வாடை வரும்? மில் முழுக்க அடைத்தது. கட்டைக்குள் யாரோ பல்லைக் கடிப்பதுபோல நறநறவென்று சத்தம். ஆவி ஏறியது. பெல்ட் சுழன்றது. விளக்குகள் எரிந்தன, என்றைக்கும் இல்லாத வெள்ளையாக. ஊர் சாலையில் வந்து நின்று பார்த்தது. பெரியநாயகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பத்து மணிக்குக் கட்டை தீர்ந்தது. இஞ்சின் தொப்... தொப்... என்று நின்றது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவள் தலைக்கு மேலிருந்த ஒரு பல்பு மட்டும் அணையவில்லை.

அப்பாதுரை பீஸைப் பிடுங்கினார். அணையவில்லை. கம்பியை வெட்டினார். அணையவில்லை... ஊர் சிதறி ஓடியது. மயில்வாகனம் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

அவளும் ஓடத்தான் திரும்பினாள். ஆனால் ஓடினால் நாளைக்கும் அவள் பேய்க்காரிதான். அண்ணாந்து பார்த்தாள்.

"பன்னண்டு வருசம் உன்னைச் சொல்லி என் சோத்துல மண்ணப் போட்டாங்க. இப்ப நீ எனக்கு உழை."

வீட்டுக்குப் போய் ராட்டையைத் தூக்கிவந்து, அதன் கீழேயே நூல் சுற்ற உட்கார்ந்தாள்.

விடியற்காலை கரண்ட் வந்தது. ஊர் பூராவும் பளிச்சென்று எரிய, அந்த ஒரு பல்பு மட்டும் அணைந்தது.

போன வருஷம் மயில்வாகனம் இஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். மில் பாழாய்க் கிடக்கிறது. இருந்தாலும் கரண்ட் போகிற ராத்திரியெல்லாம் அங்கே ஒரு வெளிச்சம் தெரியும்... ராட்டை சுற்றும் சத்தம் கேட்கும். அவள் நூலை வேண்டாமென்று சொல்ல இப்போது பிள்ளையார்பாளையத்தில் ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

இழை சரியாகத் தெரியாவிட்டால் அத்தை தலையைத் தூக்காமலே சொல்வாள்:

"கொஞ்சம் நல்லா எரிடி."

எரியும்.