பெயர் திரும்புமுன்

சட்டையை இஸ்திரி போடும்போது காலரைத்தான் முதலில் தேய்க்க வேண்டும், அம்மா. பலபேர் முதுகில் ஆரம்பித்துக் காலரைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார்கள். அதற்குள் தேய்த்த முதுகு கசங்கிவிடும். உங்கள் போலீஸ் சீருடையைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பத்தொன்பது வருடம் சலவைக் கூடத்தில் நின்ற கை, கசங்கலைக் கண்டால் சும்மா இருக்காது.

நான் நடந்துகொண்டே சொல்லட்டுமா? உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆட ஆரம்பிக்கும், மேசையும் சேர்ந்து ஆடும், எழுதுகிறவருக்கு எழுத்து கோணிப்போகும். கதவுவரை ஆறு தப்படி, ஜன்னல்வரை ஏழு. வந்ததுமே அளந்துவிட்டேன்.

நாங்கள் மூன்று பேர். மூத்தவன் அண்ணன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானே அவன்தான். கடிகாரம் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறான். நாங்கள் ஜெபத்துக்குப் போகிற சபையில் அவனுக்குப் பேர் ‘சாவி’. கடிகாரத்துக்குக் கொடுக்கிறானோ இல்லையோ, வாக்குவாதத்துக்குக் கொடுப்பான். அடுத்தவள் நான். எனக்குப் பதினாலு வருடம் கழித்துப் பிறந்தவன் தம்பி, லாரி டிரைவர். யாரும் எதிர்பாராமல் வந்த பிள்ளை என்பதால் அப்பா அவனை ‘ஸ்டெப்னி’ என்று கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது. அவனுக்கு நாலு வயதானபோது எங்கள் அம்மா போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அவனுக்குத் தலை சீவிவிட்டது, சோறு ஊட்டியது, ஜெபம் சொல்லிக்கொடுத்தது எல்லாம் நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லையே என்று நினைக்க நேரமும் இருந்ததில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மீதி புரியும். உள்ளே நுழைந்ததும் இடதுபக்கச் சுவரில் பெரிய பலகை. அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் விரல் நீள மரத்துண்டு, அதில் ஒருவர் பெயர். விசுவாசத்தில் நிற்கிறவரின் பெயர் நம்மைப் பார்த்துத் தொங்கும். விழுந்தவரின் பெயரை, சபையை நடத்துகிற மூப்பர், சுவரைப் பார்க்கத் திருப்பிவிடுவார். அவர் மனந்திரும்பி, ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னால், மறுபடி முன்பக்கம் திருப்புவார். முன்பக்கம் இருக்கும்போது இறந்தவர்களின் துண்டு மேல் வரிசைக்கு ஏறும். அவர்கள் பரலோகம் சேர்ந்தவர்கள், அதை அப்புறம் யாரும் தொட மாட்டார்கள்.

சனிக்கிழமைகளில் சபையைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. தம்பியின் துண்டு பதினோரு தடவை திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். கயிறு நைந்துபோய் இரண்டு தடவை நானே மாற்றிக் கட்டினேன். குடிப்பான், அழுவான், நிறுத்துவான், எழுந்து நின்று சாட்சி சொல்வான். பிறகு ஏதோ ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்துவான். ஐம்பது நாளுக்கு மேல் அவன் குடிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பலகையை வைத்துத்தான் சபை இரண்டாக உடைந்தது. ஆரம்பித்தது அண்ணன்.

“உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடியே ஆண்டவர் தெரிஞ்சுக்கிட்டவங்களை, இவரு வாராவாரம் திருப்பித் திருப்பிப் போடுறாராம். கடவுள் எழுதினதுக்கே திருத்தம் போடுற வாத்தியாரு!” என்றான், ஆராதனை முடிந்த கையோடு, எல்லோர் முன்னிலும். மூப்பர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

மூப்பருக்குக் காது சிவந்துவிட்டது. “அப்போ எப்படி வாழ்ந்தாலும் சரின்னு சொல்றியா? அவர் எல்லாரையும்தான்ப்பா கூப்பிடுறாரு. வரமாட்டேன்னு சொல்ல மனுஷனால முடியும். உள்ள வந்தவன் வெளிய போகவும் முடியும்.”

“போனவன் உள்ள வந்தவனே இல்ல. உள்ள வந்தவனை அவர் விடமாட்டாரு. பிடிச்சிருக்கிறது நாம இல்ல, அவரு.”

“அப்போ உன் தம்பி எதுல சேர்த்தி? வந்தவனா, வராதவனா?”

அண்ணன் வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வெளியே நடந்தான். மூன்று வாரத்தில் பதினாறு பேரைக் கூட்டிக்கொண்டு செருப்புக்கடை மாடியில் தனியாக ஆராதனை ஆரம்பித்தான். நான் பலகையோடு இருந்துவிட்டேன்.

தம்பிக்கு எல்லாம் வேடிக்கை. “ஒரு கூட்டம் நான் விழவே முடியாதுங்குது. இன்னொரு கூட்டம் எழுந்தா மறுபடி விழுவேங்குது. ரெண்டு ஸ்டியரிங் வெச்ச லாரியை எவன்கா ஓட்டுவான்?” என்பான். சிரிக்கும்போது அவனுக்குக் கண் இடுங்கிவிடும், சின்ன வயதில் இருந்த மாதிரியே.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவன் பெயர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் செத்துப்போனால்? இந்த ஒரு கேள்விதான் அம்மா, இருபது வருடம். சலவைக் கூடத்தில் நீராவி சீறும்போதும் இதுதான், பஸ்ஸில் நிற்கும்போதும் இதுதான். படுக்கையில் புரண்டு புரண்டு விரிப்பு கயிறாகிவிடும். டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கி வாங்கி அலமாரியில் வைத்தேனே தவிர விழுங்கவில்லை. தூங்கிவிட்டால், அவனுக்கு ஏதாவது என்று போன் வந்தால் யார் எடுப்பது?

இந்தத் தடவை அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஈரல் போய்விட்டது. “இன்னொரு தடவை குடிச்சா இங்க கூட்டிட்டு வர வேண்டியதில்லம்மா” என்றார் டாக்டர். தம்பி நாற்பத்தொரு நாள் தொடவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொன்னான். நல்ல குரல் அவனுக்கு. மூப்பர் துண்டைத் திருப்பும்போது நான் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பிறகு சொன்னான்: “நாளைக்கு வண்டி எடுக்கிறேன்கா. பழைய முதலாளி கூப்பிட்டுட்டாரு. லாங் ரூட், பன்னெண்டு நாள்.”

“உடம்பு தாங்குமாடா?”

“வீட்டுலயே கிடந்தா துரு பிடிச்சிரும்கா.”

நான் பாத்திரம் கழுவப் போனேன். கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன். பன்னிரண்டு நாள், அத்தனை சாலை, அத்தனை கடைகள். நாற்பத்தொன்றோடு பன்னிரண்டைக் கூட்டினால் ஐம்பத்துமூன்று. அவன் திரும்பி வருவதற்குள் பெயர் திரும்பிவிடும், குடித்த உடம்பு திரும்பி வராது. அன்றைக்கு மத்தியானம் அவன் பத்திரமாக இருந்தான். மறுநாள் இருக்க மாட்டான். குழந்தை சாலையில் இறங்கப்போகிறது என்றால் நீங்கள் கையைப் பிடித்து இழுக்க மாட்டீர்களா? நான் நினைத்தது அவ்வளவுதான். கோபத்தில் செய்யவில்லை, சலிப்பிலும் இல்லை. அப்படி யாராவது எழுதினால் வருத்தப்படுவேன்.

காபி போட்டேன். சேர்த்து வைத்திருந்த மாத்திரைகளைக் கரைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “என்னக்கா, சர்க்கரை போடலியா? கசக்குது” என்றான். இன்னும் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். முழுதும் குடித்தான். என் கையால் எது கொடுத்தாலும் மிச்சம் வைக்க மாட்டான்.

சோபாவில் சாய்ந்துகொண்டு, “நீயும் படுக்கா. இனிமே நல்லா தூங்கு” என்றான். மணி மூன்று.

அவன் மூச்சு நிற்கும்வரை பக்கத்தில் இருந்தேன். அவன் சட்டைக் காலரை நீவிவிட்டேன். அப்புறம் என் கட்டிலுக்குப் போய்ப் படுத்தேன். தூங்கினேன், அம்மா. இருபது வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை.

டாக்டருக்குச் சந்தேகம் வரவில்லை, ஈரல் என்று எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அடக்கம். மூப்பர் அவன் துண்டை என் கையிலேயே கொடுத்தார். ஸ்டூல் போட்டு ஏறி மேல் வரிசையில் நானே மாட்டினேன். புதன்கிழமையும் நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை காலை அண்ணன் வந்தான். சலவைக் கூடத்துக்கே வந்துவிட்டான், கண் வீங்கியிருந்தது.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. மனசு கேட்கல. போன சனிக்கிழமை அவன் கடைக்கு வந்தான்.”

“என்னவாம்?”

“அண்ணே, எனக்கு இதுல எதுலயும் நம்பிக்கை இல்ல, ரொம்ப நாளாவே இல்லன்னான். அப்புறம் ஏண்டா நாளைக்குச் சாட்சி சொல்லப்போறன்னு கேட்டேன். அக்கா தூங்கி வருஷமாச்சுண்ணே, அது தூங்கட்டுமேன்னுதான்னான். குடிய விட்டதும் அதுக்காகத்தானாம்.”

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். பிறகு காபி போட்டதை அவனிடம் சொன்னேன், உங்களிடம் சொன்ன மாதிரியே, வரிசையாக. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான் பாவம்.

“அவன் நம்பலன்னா என்னண்ணே?” என்றேன். “உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடியே அவனைத் தெரிஞ்சுக்கிட்டாருல்ல? விழவே முடியாதுன்னு நீதானே சொல்லுவே? அவனை மாதிரிதானே என்னையும்?”

“அது நீ கொன்னுட்டு வந்து ஒளிஞ்சுக்கிறதுக்குப் போட்ட கூரை இல்லம்மா” என்றான். அப்படியே அரைமணி நேரம் அழுதான். இரண்டு நாள் கழித்து, இன்றைக்கு, என் கையைப் பிடித்து இங்கே கூட்டிவந்தான்.

எழுதிக்கொள்ளட்டும். மாத்திரை கலந்தது நான். இன்னதென்று தெரிந்துதான் கலந்தேன், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. வியாழக்கிழமையிலிருந்து மறுபடி எனக்குத் தூக்கம் இல்லை, ஆனால் மனதில் ஒரு தெளிவு இருக்கிறது. இப்போது நான் முழுக்க அண்ணன் கட்சி. ஆண்டவர் பிடித்தவர்களை விடமாட்டார். தம்பி எதை நம்பினான், நான் எதைக் கலந்தேன் என்பதெல்லாம் அந்தப் பிடியைத் தளர்த்தாது. இதைச் சொன்னபோது அண்ணன் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு உனக்கு இந்த நம்பிக்கை இருந்திருந்தால் அவன் இன்றைக்கு லாரி ஓட்டிக்கொண்டிருப்பானே என்றான்.

இருக்கலாம், அம்மா. அன்றைக்கு அவன் பெயர் முன்பக்கம் இருந்தது, எனக்கு அது தேவைப்படவில்லை.