ஊதினால் எரியும் விளக்கு

அவள்: தொடுங்க, புதுசு. எப்படி எரியும்னு நான் வாயைத் திறக்க மாட்டேன். வழக்கம்போல.

அவன்: தெரியுமே. பன்னிரண்டு வருஷமா நீ டிசைன் பண்ற விளக்குக்கெல்லாம் நான்தானே சோதனை எலி...

அவள்: எலியாவது கொஞ்சம் தடுமாறும். நீங்க அந்த முதல் ஒண்ணைத் தவிர எல்லாத்தையும் எடுத்த எடுப்புல எரிய வெச்சிட்டீங்க. நானும் "எங்க வீட்டுக்காரருக்கே புரிஞ்சிடுச்சு"ன்னு ஃபேக்டரிக்கு அனுப்பிட்டேன்.

அவன்: ஏதோ... பிறவி ஞானம்.

அவள்: ஆரம்பிங்க ஞானி. நோட்டும் பேனாவும் ரெடி.

அவன்: சரி... மேஜையில மூணு தடவை தட்டறேன்...

அவள்: அடேங்கப்பா! மூணுன்னு எப்படித் தோணுச்சு?

அவன்: கை தானா போச்சு. நல்ல டிசைன்னா அப்படித்தான். அப்புறம்... ஃபூ...

அவள்: விளக்கை ஏன் ஊதறீங்க?

அவன்: தூசி.

அவள்: இப்பதான் பெட்டியைப் பிரிச்சேன். சரி... ஏன் ஒத்தைக் கால்ல நிக்கறீங்க?

அவன்: கால்... மரத்துப் போச்சு.

அவள்: எரியலையே.

அவன்: எரியுதே! மங்கலா... கண்ணைச் சுருக்கிப் பாரு.

அவள்: என் வேலை மாதிரியே மங்கலாவா? நாளைக்குக் காலையில மீட்டிங். விருது வாங்கின என் முட்டை வடிவ விளக்கு இருக்கே, வாங்கினவங்க பாதிப் பேர் கடையில திருப்பிக் கொடுத்துட்டாங்க. உடையல. எரிய வைக்கத் தெரியல.

அவன்: ஜனங்களுக்கு ரசனை...

அவள்: நானே கடையில பார்த்தேன். ஒரு பெரியவர் தடவறார், திருகறார், கெஞ்சறார்... கடைசியில டார்ச் அடிச்சு சுவிட்ச் தேடறார். விளக்கை எரிய வைக்க இன்னொரு விளக்கு! "இதை யார்கிட்ட கொடுத்துப் பார்த்தீங்க"ன்னு முதலாளி நாளைக்குக் கேட்பார். ஒழுங்கா பதில் சொல்லலைன்னா தலைமை டிசைனர் நாற்காலி போச்சு. முட்டையை நீங்க எவ்வளவு நேரத்துல எரிய வெச்சீங்க?

அவன்: ...நாலு செகண்டு.

அவள்: எப்படி?

அவன்: அது வந்து... கை தானா...

அவள்: ஏங்க.

அவன்: எப்படி எரிய வைக்கணும்னு உன் பையில ஒரு தாள் இருக்கும்ல... நீ குளிக்கப் போனதும் படிச்சிடுவேன்.

அவள்: பன்னிரண்டு வருஷமாவா!

அவன்: முதல் விளக்கோட அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். அந்த வருத்தத்துல நீ ஒரு வாரம் சரியா சாப்பிடல... அதைப் பார்க்க முடியலம்மா. அதான்.

அவள்: பாசத்தைக் காட்டியே என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டீங்க.

அவன்: தப்புதான்... ஆனா இது மட்டும் தாள்ல இருக்கறபடி செஞ்சும் எரியலையே?

அவள்: அந்தத் தாளை உங்களுக்காகவே நேத்து உட்கார்ந்து எழுதினேன். மூணு தட்டு, ஒரு ஊதல், ஒத்தைக் கால்... கூச்சமே இல்லாம அத்தனையும் செஞ்சீங்க! இதுல இருக்கறது சாதாரண சுவிட்ச். போடுங்க.

அவன்: சுவிட்சா? எங்க... அடியில... ம்ஹூம்... பின்னாடி... ஏம்மா, சத்தியமா எனக்குக் கிடைக்கலம்மா!

அவள்: அப்பாடா! நிறுத்தாதீங்க, தேடுங்க... நாளைக்குச் சொல்ல இப்பதான் எனக்கு ஒரு நிஜமான பதில் கிடைச்சிருக்கு. எழுதிக்கறேன்.