மூணு நாள் மாத்திரை

— உள்ள போனதும் நீ வாயத் தொறக்காத, செவ்வந்தி. டாக்டர் கேட்டா, ஒரு மாசமாத்தான் மூச்சு வாங்குதுன்னு நானே சொல்லிக்கிறேன்.

— ஒம்போது வருசமா பிரஷர் இருக்குறத யாருங்க சொல்றது?

— அட வுடுடி. ஒண்ணும் இல்ல. சுரங்கத்துப் புழுதி, மூச்சப் புடிக்குது.

— புழுதியில காலு ரெண்டும் வீங்குமா? படுத்தா மூச்சு முட்டுதுன்னு பத்து நாளா செவுத்துல சாஞ்சிக்கினே தூங்குறீங்க. மூச்சு வருதான்னு மூக்குல கை வச்சிப் பாத்துக்கினே நான் ஒக்காந்துருக்கேன்.

— மெதுவாப் பேசு. பெஞ்சுல ஆளுங்க இருக்காங்க.

— எக்கோ எடுத்த பொண்ணு சொன்னது காதுல வுழுந்துச்சா? இருதயத்துல எடது பக்கத்துச் செவுரு தடிச்சிக் கெடக்குதாம். ‘ரொம்ப வருசமா பி.பி.யா?’ன்னு கேட்டுது. நீங்க கூசாம இல்லன்னீங்க.

— வுழுந்துச்சு.

— வுழுந்துமா?

— இருவத்திரெண்டு வருசமா தண்ணி எறைக்கிற பம்பு ஓட்டுறேன். ‘குழந்தைவேலு சத்தத்த வச்சே பம்பு ரிப்பேரச் சொல்லிடுவான்’னு சூப்பர்வைசரே சொல்லுவாரு. வால்வ பாதி மூடிக்கினு ஓட்டுனா, மொதல்ல ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான் ஓடும். அப்புறம் ஒரு நாளு... எனக்குப் பயமாத்தான்டி இருக்குது. 

— அப்ப சொல்லிடுங்களேன். சொன்னாத்தான சரியான மருந்து குடுப்பாங்க.

— சொன்னா சீட்டுல எழுதிடுவாரு, அது கம்பெனிக்குத் தெரிஞ்சிடும். திங்கக்கெழம கம்பெனியில வருசாந்தர மெடிக்கல் செக்கப்பு. பர்மனென்ட் லிஸ்ட்டுல பேரு வர்ற நேரம். போன வருசம் எங்கூட வேல செஞ்ச அன்புமணிக்கு பிரஷரு நூத்தி எழுவது காட்டுச்சு. அன்னிக்கே கேட் பாஸ புடுங்கிக்கினு வூட்டுக்கு அனுப்பிட்டான் காண்ட்ராக்டரு.

— ஒங்களுக்கு மட்டும் காட்டாதா?

— எட்டு தடவ தப்பிச்சிட்டனே. மெடிக்கலுக்கு முன்ன மூணு நாளு மாத்திரை, உப்பில்லாத கஞ்சி. முடிஞ்சதும் நிறுத்திடறது. ஒரு தடவகூட மாட்டுனதில்ல. இந்தத் தடவயும் தாண்டிட்டா, அப்புறம் தெனமும் போட்டுக்குறேன். ஆயா மேல சத்தியம்.

— இதத்தான் எட்டு வருசமா சொல்லிக்கினு இருக்குறீங்க. அந்த மூணு நாளு போவ, மிச்ச நாளெல்லாம் அந்த பிரஷரு ஒங்க நெஞ்ச அழுத்திக்கினேதான இருந்துருக்குது.

— அழுவாத. நான் யாருக்காவ பண்றேன்? நான் பர்மனென்ட் ஆனா குவார்ட்டர்ஸ் வரும். நம்ம புள்ள அருளுக்கு இருவத்திமூணு ஆவுது, நல்ல எடத்துல பொண்ணு பாக்கணும். அவனும் நம்ம காண்ட்ராக்டருகிட்டதான் சேந்துருக்கான், என்னிய மாதிரி கெடந்து சாவ வேணாம். அது கெடக்கட்டும், மாத்திரை வாங்கியாந்தியா இல்லியா?

— காலையில மருந்துக் கடைக்குப் போனேன். ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

— ஏன், மாத்திரை இல்லன்னுட்டானா?

— ‘இப்பத்தான் ஒம்புள்ள மூணு மாத்திரை வாங்கிக்கினு போறான்’னாரு கடைக்காரரு. அப்பாவுக்கான்னு கேட்டாராம். ‘இல்லண்ணே, எனக்கும் பிரஷரு ஏறிக் கெடக்குது, திங்கக்கெழம மெடிக்கல்’னானாம்.