பூனையள் துரத்தின கார்

…அவன் சிங்கராசா ஒரு மெக்கானிக்கே? நீங்களே சொல்லுங்கோ மாரிமுத்து. இல்லையில்லை, சொல்லாதேங்கோ, வாயில நட்டு வைச்சிருக்கிறியள், விழுங்கிப்போடுவியள். நான் சொல்லுறன், நீங்கள் வேலையைப் பாருங்கோ.

எஞ்சின் திணறுது எண்டு கொண்டுபோனன். பொனற்றைத் திறந்து காதை வைச்சுக் கேக்கிறான், பெரிய டாக்குத்தர்! கேட்டுப்போட்டு, "கொன்ஸ்ரன்ரைன் அண்ணை, இன்ஜெக்டர் நாலும் அடைச்சுப்போச்சு. இதுக்கு என்னத்தைக் குடுத்தனீங்கள்?" எண்டுறான். என்னைப் பாத்து! முப்பது வருசமா விடத்தல்தீவில வாடகைக் கார் ஓடுறவனைப் பாத்து! என்னத்தைக் குடுக்கிறது, புட்டும் சம்பலுமே? டீசல் காருக்கு டீசல்தான் எண்டு சொல்லிப்போட்டு, தள்ளிக்கொண்டு வந்திட்டன். உண்மையாத் தள்ளிக்கொண்டுதான் வந்தனான்.

என்ன றஞ்சிதம்?... ஓமோம், முடியுது, முடியுது! பிள்ளையைக் கொஞ்சம் நடக்கச் சொல்லும்!

மனுசி. மகள் அன்ரோனெற்றுக்கு விடிஞ்சதில இருந்து மெல்ல மெல்ல நோகுதாம். தலைப்பிள்ளை, ஆஸ்பத்திரியில வைச்சுத்தான் பாக்க வேணும் எண்டு மருத்துவிச்சி சொல்லிப்போட்டா. பின்னேரத்துக்கு முதல் கொண்டுபோய்ச் சேர்க்க வேணும். எட்டுக் கட்டைத் தூரம். மருமோன் கடலில. ஊருக்குள்ள இருக்கிற ஒரே கார் இதுதான், அதுவும் இப்ப உங்கட கையில துண்டு துண்டாக் கிடக்கு. அவசரப்படுத்தேல்லை நான். சும்மா சொன்னனான்.

ஆ, அதுதான் புது இன்ஜெக்டர். மினுங்குது பாருங்கோ! அது வந்த கதை தெரியுமே? ஆமிக்காரன் சோதிக்கிற சென்றியில ஒரு ஆணியும் விடான். ரோச் பற்றி இல்லை, டீசல் இல்லை, கார்ச் சாமான் எண்டா ஆளையும் சேத்து மறிச்சுப்போடுவான். மன்னார் ரவுணில இருக்கிற தங்கச்சி பெற்றிசியா என்ன செய்தாள் எண்டா, உள்ளுக்கு வெறுங்கூடா இருக்கிற அந்தோனியார் சுரூபம் ஒண்டு வாங்கி, நாலு இன்ஜெக்டரையும் அவரின்ர வயித்துக்குள்ள வைச்சு, அடியைச் சீமெந்தால பூசிப்போட்டாள். காஸ்கட் ரண்டும் செபப் புத்தகத்துக்குள்ள. சென்றியில நிண்டவன் சிலாபத்துப் பக்கத்து வேதக்காரனாம். தொப்பியைக் கழட்டி, சுரூபத்தின்ர காலைக் கொஞ்சிப்போட்டு விட்டானாம்! துலைஞ்ச சாமான் எடுத்துத் தாறவர் எண்டுதானே நாங்கள் அவரைக் கும்பிடுறம். இப்ப புதுச் சாமானும் கொண்டு வாறார். சுவாமியார் அறிஞ்சாப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரச் சொல்லுவார். வாறன், முதல் கார் ஓடட்டும்.

உதென்ன, பழைய காஸ்கட்டே? ஏன் அப்பிடிப் பாக்கிறியள்... அது நான் வெட்டினது. கோயில் கலண்டர் மட்டை. நல்ல தடிச்ச மட்டை, திருக்குடும்பப் படம் போட்டது. காத்து இழுக்கிற குழாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவில அளவா இருந்துது. இப்ப சூசையப்பற்ற கால் மட்டும் மிஞ்சியிருக்கு. அதுக்குள்ளாலதான் காத்துப் போய்ச் சீ சீ எண்டு கத்தினதோ? நான் என்னைத் திட்டுது எண்டெல்லோ நினைச்சனான்.

மணக்குதோ? எங்க? ஓ... அது கடற்கரைதானே, மணக்கும். நீங்கள் மலைநாட்டு ஆள், தேயிலை ஃபக்டரியில எஞ்சின் பாத்த மனுசன், இஞ்ச வந்து மற்றவையின்ர வயலில கூலிக்கு நிக்கிறியள், உங்களுக்குக் கருவாட்டு மணம் இன்னும் பழகேல்லை. பூனையளும் அப்பிடித்தான், விசர்ப் பூனையள். போன மாசம் அருளம்மாக் கிழவியின்ர செத்தவீட்டுக்குச் சுவாமியாரை ஏத்திக்கொண்டு போறன், பின்னால பன்ரண்டு பூனை. வரிசையா! சுவாமியார் திரும்பிப் பாத்திட்டு, "என்ன கொன்ஸ்ரன்ரைன், கிழவியின்ர சொந்தக்காரரே?" எண்டு கேக்கிறார்.

முடிஞ்சுதே? பூட்டியாச்சே? ஸ்ராட் பண்ணட்டே? றஞ்சிதம், பிள்ளையை வெளிக்கிடுத்தும்! அந்தோனியாரே, வயித்தில சுமந்தனீர், இனி ஓடவும் வையும்...

ஆகா! கேளுங்கோ, கேளுங்கோ! தையல் மெசின் மாதிரி! மாரிமுத்து, உங்கட கைக்குத் தங்கக் காப்புப் போட வேணும். சிங்கராசா இஞ்ச வந்து காதை வைச்சுப் பாக்கட்டும் இப்ப!

...ஏன் புகை வெள்ளையா வருது? ஏன் இருமுது? ஏய், ஏய், நில்லாதை... நிண்டிட்டுது.

சூ! பூனை, சூ, போ! உது ஏன் புகைக்குழாயை நக்குது?

மாரிமுத்து, நீங்கள் பூனையைப் பாத்திட்டு என்னைப் பாக்கிறது நல்லா இல்லை.

சரி. ஓம். ஊத்தினனான். சுறா எண்ணெய். வள்ளத்துக்குப் பூசுற எண்ணெய்தான். டீசல் இல்லாத நாளில முதல் ஒரு போத்தில் ஊத்திப் பாத்தன், ஓடிச்சுது! பிறகு இன்னொண்டு. இந்த ஊரில வள்ளமெல்லாம் அதிலதான் நிக்குது. சின்னப் பிள்ளையளுக்குச் சளி எண்டாலும் ஒரு கரண்டி பருக்கிறம். எல்லாருக்கும் ஒத்துவருது, இந்தக் கார் ஒண்டுதான் செருக்குப் பிடிச்சது.

இண்டைக்கோ... நீங்கள் ராங்கைக் கழுவி, சுத்த டீசல் மட்டும் விடச் சொன்னீங்கள். கழுவினனான், சத்தியமாக் கழுவினனான். ஆனால் டீசல் கொஞ்சம்தான் கிடந்துது. போறதுக்குக் காணும். திரும்பி வாறதுக்கு? என்ர பேரப்பிள்ளை முதல் முதல் வீட்டுக்கு வரேக்க, உழவு மெசின்ர பெட்டியிலயே குலுங்கி வாறது? அப்பப்பான்ர... இல்லை, அம்மப்பான்ர கார்ல வர வேணும் எண்டு ஒரு ஆசை. அதுதான் விடியக் காலமை ரண்டு போத்தில் சேத்துவிட்டனான். சீலைத் துணியால வடிச்சுப்போட்டுத்தான்!

நட்டைத் துப்புறியள்... ஏதோ பேசப்போறியளோ? பேசுங்கோ, நாலு பேச்சுப் பேசுங்கோ, எனக்கு வேணும். எங்க நடக்கிறியள்? மாரிமுத்து! கோவிச்சுக்கொண்டு போகாதேங்கோ, பிள்ளைக்கு நோகுது...

அது பக்கத்து வீட்டு இன்னாசிமுத்துவின்ர வளவெல்லோ. வண்டிலை ஏன் இழுக்கிறியள்? ஓ... மாடு பூட்டுறியளோ.

றஞ்சிதம்! பாயும் தலகணியும் கொண்டுவாரும், கெதியா! வைக்கல் போட்டு மெத்தெண்டு விரிப்பம். பிள்ளை, பயப்பிடாதை மோனை, பின்னேரத்துக்கு முதல் போயிடுவம், மாரிமுத்து அண்ணைதான் ஓட்டுறார்.

மாரிமுத்து... ஏன் மாட்டின்ர வாயை மணந்து பாக்கிறியள்? அதுக்கு நான் ஒண்டும் ஊத்தேல்லை.