பின்கழுத்து

இல்ல சார், உக்காரல. உக்காந்தா கோவம் எறங்கிடும். எறங்கக் கூடாது.

சிலையச் சோதிச்சுப் பாத்துட்டு, தொள்ளாயிரம் வருஷத்துப் பழசுன்னு எந்தக் கையால சார் எழுதுனீங்க? அந்த ஒத்த வரிக்காக என் வீட்டுக்காரரைச் சிலைத் திருடன்னு உள்ள வெச்சிருக்காங்க. அந்தப் பார்வதி அவரு செஞ்சது. மெழுகுல புடிச்சு, மண்ணு பூசி, வெண்கலத்தை உருக்கி ஊத்தி, எல்லாம் எங்க வீட்டுப் பின்னாடி.

என்னது, பச்சைக் களிம்பா? நூத்துக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள கெடந்தாத்தான் அப்பிடி ஏறுமா? நல்லா இருக்கே கதை! போலீஸ் வந்து தூக்கிட்டுப் போற வரைக்கும் எட்டு வருஷமா குளியலறைக்குப் பின்னாடி, தண்ணி போற எடத்துல மல்லாக்கக் கெடந்தா சார். சோப்புத் தண்ணி, உப்புத் தண்ணி, எல்லாம் அவ தலையிலதான். மூக்கு தேஞ்சது அபிஷேகத்துல இல்ல. நான் வாளிய வெச்சு வெச்சு எடுத்ததுல.

யாரு போட்டதா? நான்தான், வேற யாரு! ஆறு மாசம் ராவும் பகலும் அவ மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. வித்துட்டு வாய்யான்னா, மாட்டேன்னுட்டாரு. கட்டுனவளை ஒரு நாளாவது அப்பிடிப் பாத்திருப்பாரா? வயிறு எரிஞ்சுது. இழுத்துட்டுப் போய்ப் போட்டேன். மனுஷன் வாயே தொறக்கல.

இப்பவும் தொறக்கல. நான் செஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லுய்யான்னு கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு அழுவுறேன், சிரிக்கிறாரு! நம்ம வேலையத் தொள்ளாயிரம் வருஷம்னு எழுதிட்டாங்கடிங்கிறாரு. அந்தப் பூரிப்புலயே தண்டனைய வாங்கிக்குவாரு சார், கிறுக்கு மனுஷன்!

ஆதாரமா? உங்க அறிக்கையிலயே இருக்கு. புதுசுன்னா முதுகைச் சும்மா விட்டுடுவாங்க, இதுல முன்னாடி மாதிரியே பின்னாடியும் வேலைப்பாடுன்னு எழுதி, போட்டோவும் போட்டிருக்கீங்களே. நேத்துதான் வக்கீல் காட்டுனாரு. வீட்டுல அவ செவுத்தோட சாஞ்சு நின்னா, அவ முதுகை நான் எங்க பாத்தேன்? கொண்டைக்குக் கீழ மூணு சின்ன வெட்டு. பழைய சேதம்னு எழுதியிருக்கீங்க.

சின்ன வயசுல நான் மாடிப்படியில உருண்டு விழுந்தேன். எங்கம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். நம்ம பின்கழுத்தை நாமளே பாக்க முடியுமா?

கண்ணாடிய மாட்டுங்க சார். முடியத் தூக்கிப் புடிச்சிருக்கேன். எத்தனை தையல்னு எண்ணுங்க.