செடியிலேயே மலர்ந்த மல்லி

ஆயம்மாள்: ...வாசல்லயே நிறுத்தி வெச்சுப் பேசறீங்களே, முத்தாத்தாக்கா. விடிஞ்சா அனுவுக்குக் கல்யாணம். பொண்ணோட அம்மா நானே பூக்கூடையத் தூக்கிட்டு வந்திருக்கறேன்.

முத்தாத்தாள்: பல்லடம் மார்க்கெட்டுல வாங்கிக்க அம்மிணி.

ஆயம்மாள்: மார்க்கெட்டுப் பூவா? இந்தத் தெருவுல எந்தப் பொண்ணு மணவறைல உக்காந்தாலும் தலையில உங்க ஊட்டு மல்லிதான். சொந்தக் கொழுந்தன் மகளுக்கு மட்டும் கடைப்பூவுங்களா?

முத்தாத்தாள்: இந்தச் சித்திரை வெயிலுக்கு... அவ்வளவாப் பூக்கலை.

ஆயம்மாள்: தள்ளுங்க, பார்க்கறேன்... பூக்கலையா? செவுரு பூரா வெள்ளையா நிக்குது. ஆனா எல்லாம் மலந்து கெடக்குது. ஏனுங்க்கா, விடியக்காலம் மொட்டாவே பறிச்சு ஈரத்துணில சுத்தி வெப்பீங்க. ஒரு பூவச் செடியில மலர உடமாட்டீங்களே.

முத்தாத்தாள்: காத்தால... அசந்துட்டேன்.

ஆயம்மாள்: நீங்க? சேவலையே நீங்கதான் எழுப்பி உடுவீங்க.

முத்தாத்தாள்: காய்ச்சலாட்ட இருந்துச்சு. நாளைக்கு மண்டபத்துக்கும் வர முடியாதுன்னு சொல்லலாம்னு...

ஆயம்மாள்: கையக் குடுங்க... சில்லுனு இருக்குது.

முத்தாத்தாள்: உள்காய்ச்சல்.

ஆயம்மாள்: யாவாரிக் குடும்பத்துல பொறந்துட்டு, பொய்ய இத்தனை மலிவா விக்கறீங்களே.

முத்தாத்தாள்: சிரிக்கற நேரமா இது.

ஆயம்மாள்: கல்யாண ஊட்டுக்காரி சிரிக்காம? ...செடிக்கும் தண்ணி ஊத்தலீங்களா? கனகாம்பரம் தலை தொங்கி நிக்குது. போர்த்தண்ணில சாயப்பட்டறை உப்பு, செடி கருகிரும்னு குடிக்கற தண்ணியவே ஊத்துவீங்களே.

முத்தாத்தாள்: ஒரு நாள் ஊத்தலீன்னா செத்தா போயிரும்... போயிராது.

ஆயம்மாள்: ஆசுபத்திரில பெரியமாமா எப்படி இருக்கறாங்க?

முத்தாத்தாள்: அப்படியேதான். கூட இருக்கற எம்பையன் அருள்செல்வன் காத்தால போன் பண்ணுனான். அப்பா தூங்கறாருன்னான்.

ஆயம்மாள்: பத்து நாளாச்சு கோயமுத்தூர் போய். பெரியப்பா இல்லாம எப்படிங்கம்மான்னு அனு ஒரே அழுகை.

முத்தாத்தாள்: அழ வேண்டாம்னு சொல்லு. மொத நிச்சயம் பண்ணுன கல்யாணத்தப்ப என்னாச்சு? பந்தல் போட்ட அன்னைக்கு உங்கப்பா, அவ தாத்தா, தவறிட்டாரு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ராசியில்லாத பொண்ணுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மூணு வருசம் அந்தப் புள்ள வாசப்படி தாண்டலை. இன்னொருக்கா நின்னுச்சுன்னா உசுர வெச்சிருக்கமாட்டா. ஆறு மணிக்குத் தாலி ஏறட்டும். அதுவரைக்கும்...

ஆயம்மாள்: அதுவரைக்கும்?

முத்தாத்தாள்: ஒண்ணுமில்லை. போய் வேலையப் பாரு.

ஆயம்மாள்: பூவக் குடுங்க, போறேன். கூடை நிறைய வேண்டாம். பாதிக் கூடை.

முத்தாத்தாள்: முடியாது.

ஆயம்மாள்: மூணு முழம்.

முத்தாத்தாள்: மலந்த பூவு அம்மிணி. பனியன் கம்பெனி வெச்சிருக்கறவளுக்கு நானா சொல்லோணும்? எல்லாம் கழிச்சுப் போடற செகண்ட்ஸ் சரக்கு.

ஆயம்மாள்: வாங்கற பையரே வேணும்னு நிக்கறேன், நீங்க ஏன் ரிஜெக்ட் பண்றீங்க? சரி, ஒரு முழம்.

முத்தாத்தாள்: ஒத்தைப் பூக்கூட இந்த ஊட்டுல இருந்து மணவறைக்குப் போகக்கூடாது. ஏன்னு கேக்காத. கால்ல வேணும்னாலும் உளுகறேன்.

ஆயம்மாள்: அக்கா...

முத்தாத்தாள்: போ சாமி. போயிரு.

ஆயம்மாள்: அனுவுக்குப் பூ காத்தாலயே வாங்கியாச்சுங்க்கா. பல்லடத்துலதான்.

முத்தாத்தாள்: ...அப்பறம் இத்தனை நேரம் யாருக்குப் பேரம் பேசுன?

ஆயம்மாள்: உங்களுக்குத்தான். அருள்செல்வன் உங்களைக் கூப்பிடறதுக்கு முந்தி அவன் சித்தப்பனைத்தான் கூப்பிட்டான். பெரியமாமா போயிட்டாங்கன்னு விடியக்காலம் நாலு மணிக்கே எங்களுக்குத் தெரியும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் மாமாவ ஆசுபத்திரிலயே வெச்சிருக்கச் சொல்லிட்டோம்... நீங்களா வாயத் தொறந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன், சொல்லலை. ஆனா மண்டபத்துல நீங்க இல்லீன்னா மாப்பிள்ளை ஊட்டுல ஏன்னு கேப்பாங்க. வெறுந்தலையா வந்தாலும் கேப்பாங்க. உக்காருங்க. அடிக்கொப்புல இன்னும் மலராத மொட்டு கொஞ்சம் இருக்குது, நானே பறிச்சுக் கட்டறேன். உங்க தலைக்கு ஒரு முழம் போதுங்க்கா... தாலி ஏறற வரைக்குந்தான்.