மருமகளின் வரிப் பாரம்

1976 ஜூன் 16, புதன்கிழமை. ஒன்பது மணிக்குப் பொன்னேரி அலுவலகம் சென்றேன். மதியம் எலுமிச்சம் சாதம். மாலை ஐந்தரைப் பாசஞ்சரில் கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பினேன். எதிரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

“செத்துப்போன எம்புருஷனை எம்மருமவ கட்டிக்கினாளாம். அமெரிக்காவுல எழுதி வெச்சிருக்கான்!”

“இன்னாக்கா சொல்றே?”

“அவ அந்த ஊருக்காரி இல்ல? இங்க குடும்பம் நடத்துனாலும் வருஷா வருஷம் அவ ஊருக்கு வரிப் பாரம் அனுப்பணுமாம். அதுல புருஷன் பேரு கேட்டான். போன வருஷம் எம்புள்ள பேரை ஏழுமலைன்னு எழுதினா. இந்த வருஷம், அவன் பாஸ்போர்ட்டுல கடைசியா இருக்குற அவங்கப்பா பேரை, அதான் குடும்பப் பேருன்னு நெனச்சி, அதை மட்டும் எழுதிட்டா.”

“அய்யய்யோ!”

“வேற கல்யாணமா, அத்தாட்சி காட்டுன்னு லெட்டர் வந்துடுச்சி. பொய் சொன்னேன்னு கேஸ் போடுவாங்களோன்னு நாலு நாளா சோறு துன்னாம அழுதுகினு கெடந்தா.”

“பேஜாருதான். அப்புறம்?”

“அது எம்புருஷன், ஏழுமலை அவரு புள்ளன்னு நான் வக்கீல் முன்னாடி சத்தியம் பண்ணணும். அவரு பேரை நான் வாயால சொல்லணும்.”

“நாப்பது வருஷமா சொல்லாத பேராச்சே! சொன்னியா?”

“நாக்கே எழல. மருமவ என் கையைப் புடிச்சிக்கினு நின்னா. அவ மூஞ்சைப் பார்த்தேன். கண்ணை மூடிகினு சொல்லிட்டேன், கன்னியப்பன்னு.”

“யக்கா, இப்பவும் சொல்லிட்டே!”

மூத்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் காலை எழுந்ததும், முதல் வேலையாக, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்படி மனைவியிடம் கேட்டேன்.

“காபி ஆறுது, வாங்க” என்றாள்.